இது யாருடைய குரல்? உளப்பகுப்பாய்வைத் திருப்பிவிட்ட சில கட்டுரைகள்

ஆழ்ந்த மனச்சோர்வில் இருக்கும் ஒருவருடன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால், அவர் தன்னைத்தானே வைதுகொண்டே இருப்பது தெரியும். நான் எதற்கும் லாயக்கில்லாதவன், சுயநலக்காரன், என்னால் யாருக்கும் நிம்மதியில்லை என்று சொல்லிக்கொண்டே போவார். அருகில் இருப்பவர்கள் பதறிப்போய் மறுப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை, நீ நல்லவன்தான் என்பார்கள். மறுக்க மறுக்க வசவு கூடுமே தவிரக் குறையாது.

பேச்சின் வழியே மனநோய்க்குச் சிகிச்சை தரும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்ட் அந்த வசவுகளை மறுக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு ஒரு விநோதம் பட்டது. இந்தக் குற்றச்சாட்டுகள் சொல்பவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனால் ஆங்காங்கே சிறிது மாற்றினால் வேறொருவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. நோயாளி நேசிக்கும், அல்லது ஒரு காலத்தில் நேசித்த, அல்லது நேசித்திருக்க வேண்டிய ஒருவருக்கு. இப்படிக் கையாலாகாத மனைவியோடு மாட்டிக்கொண்டாரே என்று கணவனுக்காக உரக்க வருந்தும் பெண்ணை அவர் உதாரணம் காட்டுகிறார். அவள் சொல்லும் கையாலாகாத்தனம் உண்மையில் கணவனுடையது. ஜெர்மன் மொழியில் ‘கிளாகன்’ என்றால் புலம்பல், ‘அன்கிளாகன்’ என்றால் குற்றம்சாட்டுதல். நாம் புலம்பல் என்று நினைப்பது ஒரு புகார் என்கிறார் ஃப்ராய்ட்.

1915இல் எழுதப்பட்டு 1917இல் அச்சேறிய ‘துக்கமும் மெலன்கோலியாவும்’ என்ற கட்டுரையில் இது வருகிறது. ஆழ்ந்த மனச்சோர்வைத்தான் அன்று மெலன்கோலியா என்பார்கள். ஒருவர் வாயிலிருந்து வரும் சொல் அவருடையதாகவே இருக்க வேண்டியதில்லை, அவர் நெஞ்சில் எரிகிற உணர்வும் அப்படித்தான் என்ற சந்தேகம் அங்கே தெளிவாக உருவம் பெறுகிறது. உளப்பகுப்பாய்வின் முக்கியமான கட்டுரைகளைக் கால வரிசைப்படி படித்துக்கொண்டு வந்தால், அவற்றில் பல இதே சந்தேகத்தை வேறு வேறு இடங்களில் எழுப்புவதைப் பார்க்கலாம். இது யாருடையது? நோயாளியிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி குழந்தையிடம் போனது, பிறகு பகுப்பாய்வாளரையே திரும்பிப் பார்த்தது, கடைசியில் ஒரு இளம் தாயின் வீட்டுக்குள் நுழைந்தது. அந்தப் பாதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஏன் புத்தகங்களை விட்டுவிட்டுக் கட்டுரைகளைப் பேச வேண்டும்? பகுப்பாய்வு நடப்பது மூடிய அறையில். இரண்டே பேர். உள்ளே நடந்ததை மற்றவர்கள் பார்க்கவே முடியாது. எழுதிக்கொண்டு வந்து சக பகுப்பாய்வாளர்கள் முன்னால் படிப்பதுதான் இருந்த வழி. 1902இல் வியன்னாவில் ஃப்ராய்டின் வீட்டில் புதன்கிழமைக் கூட்டங்கள் தொடங்கியதிலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது. 1920இல் ஆங்கிலத்தில் ஒரு சர்வதேச ஆய்விதழும் வந்துவிட்டது. ஒரே மாலையில் படித்து முடிக்கும் அளவு, நேரில் பார்த்த ஒரு நோயாளி, அதிலிருந்து ஒரு எண்ணம்: இந்த வடிவம் இந்தத் துறைக்கு இயல்பாக அமைந்துவிட்டது. முந்தைய கட்டுரையை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் அதற்குப் பதில் எழுதுவார். அவருக்கு இன்னொருவர் பதில் எழுதுவார்.

கேள்வியின் தொடக்கம் 1915க்கும் முந்தியது. அது ஒரு தோல்வியில் பிறந்தது.

1900ஆம் ஆண்டின் இறுதியில் ‘டோரா’ என்று அவர் பெயரிட்ட இளம்பெண்ணுக்கு ஃப்ராய்ட் சிகிச்சை அளித்தார். தந்தையின் நண்பர் ஒருவர் தன்னிடம் தவறாக நடக்க முயன்றதாக அவள் சொன்னாள். வீட்டில் யாரும் நம்பவில்லை. ஃப்ராய்ட் அவளை நம்பினார். ஆனால் அவளுக்கு அந்த மனிதர்மீது ரகசிய ஆசை இருந்தது என்று விளக்கிக்கொண்டே போனார். பதினோரு வாரம் கழித்து, வருடத்தின் கடைசி நாளில், அவள் எழுந்து போய்விட்டாள். 1905இல் அந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதியபோது ஃப்ராய்ட் ஒரு பின்னுரை சேர்த்தார். அந்த மனிதர்மீது இருந்த கோபத்தை அவள் என்மீது தீர்த்துக்கொண்டாள், அதை நான் நேரத்தில் கவனிக்கவில்லை என்கிறார். பழைய உறவின் உணர்வு புதிய ஆளின்மேல் வந்து இறங்குவதைத் துறையில் ‘டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்பார்கள். உணர்வுப் பெயர்ச்சி என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

இன்று அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது டோராவின் பக்கம்தான் மனம் போகிறது. அவள் கோபத்தில் ஒரு பங்கு வேறு யாரையும் நோக்கிப் போகவில்லை, நேராக ஃப்ராய்டுக்கானதே என்று தோன்றுகிறது. ‘இது வேறொருவருக்கான உணர்வு’ என்ற விளக்கம் எவ்வளவு ஆழமானதோ அவ்வளவு வசதியானதும்கூட. இந்த ஆபத்து கடைசிவரை கூடவே வருகிறது.

ஆனாலும் அந்தத் தோல்வியிலிருந்து ஃப்ராய்ட் கற்றுக்கொண்டது பெரிது. 1912க்கும் 1915க்கும் இடையில் அவர் எழுதிய சிகிச்சை முறை பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் உணர்வுப் பெயர்ச்சியைச் சுற்றியே நிற்கின்றன. அவற்றில் 1914இல் வந்த ‘நினைவுகூர்தல், திரும்பச் செய்தல், உழைத்துக் கடத்தல்’ என்பதை ஒருவர் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். அதன் எண்ணம் எளிமையானது. சிறுவயதில் பெற்றோரிடம் முரண்டு பிடித்தது தனக்கு நினைவிருப்பதாக நோயாளி சொல்லமாட்டார். அதே முரண்டை மருத்துவரிடம் காட்டுவார். நினைவுக்கு வர முடியாதது செயலாக வருகிறது.

மறுவருடம் ‘பெயர்ச்சிக் காதல்’ பற்றி எழுதினார். பகுப்பாய்வாளர்மீது நோயாளி காதல் கொண்டால் என்ன செய்வது? ஏற்கவும் கூடாது, விரட்டவும் கூடாது. விரட்டுவது, மந்திரம் சொல்லிப் பாதாளத்திலிருந்து ஆவியை வரவழைத்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் திருப்பி அனுப்புவது போன்றது என்கிறார். இந்த ஆவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் கழித்து வேறொரு நாட்டில் மறுபடி வரும்.

இப்போது ‘துக்கமும் மெலன்கோலியாவும்’ கட்டுரைக்குத் திரும்பலாம். அது போர்க்காலத்தில் எழுதப்பட்டது. ஃப்ராய்டின் மகன்கள் போர்முனையில் இருந்தார்கள். பன்னிரண்டு கட்டுரைகளாக ஒரு தொகுப்பு எழுதத் திட்டமிட்டு, ஐந்தை மட்டும் வெளியிட்டார். வெளியிடாத ஏழில் ஒன்றின் வரைவு மட்டும் பல பத்தாண்டுகள் கழித்து, 1983இல், ஒரு நண்பரின் காகிதக் கட்டில் கிடைத்தது. வெளிவந்த ஐந்தில் இதுவும் ஒன்று.

துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மெலன்கோலியாவில் தானே வெறுமையாகிறோம் என்று அவர் வேறுபாடு சொல்கிறார். துக்கத்தில் இருப்பவருக்கு எதை இழந்தோம் என்று தெரியும். ஒவ்வொரு நினைவாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ‘அவர் இல்லை’ என்று ஒப்புக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுகிறார். அது ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதற்குத் தன்னிடம் சுலபமான விளக்கம் இல்லை என்று ஃப்ராய்ட் ஒப்புக்கொள்கிறார். மெலன்கோலியாவில் இருப்பவருக்கு யாரை இழந்தோம் என்று தெரிந்திருக்கலாம், அவரிடம் எதை இழந்தோம் என்று தெரிவதில்லை. அவர் இழந்தவரை விடுவதில்லை. உள்ளே கொண்டுபோய், தன்னில் ஒரு பாகமாக ஆக்கிக்கொள்கிறார். இழந்த ஆளின் நிழல் ‘தான்’மீது விழுந்துவிடுகிறது என்று ஃப்ராய்ட் எழுதும் வரி இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த வரி. ஆள் உள்ளே வந்தபின், அவர்மீது இருந்த கோபமும் உள்ளே திரும்புகிறது. வசவு கேட்பது நோயாளியின் காது, அதன் முகவரி மட்டும் வேறு.

ஒரு மனிதருக்குள் இன்னொரு மனிதர் குடியிருக்கலாம் என்ற எண்ணம் இங்கேதான் உறுதியாக வேரூன்றியது. 1923இல் ஃப்ராய்ட் அதை விரித்தார். மெலன்கோலியாவுக்கு மட்டும் உரியதென்று தான் நினைத்தது எல்லார் வாழ்விலும் நடக்கிறது, நம் குணம் என்பதே நாம் விட்டுக்கொடுக்க நேர்ந்த உறவுகளின் வண்டல் என்றார்.

துக்கம் முடிந்து மனம் புதிய உறவுக்கு விடுதலையாகும் என்ற பகுதியை மட்டும் அவருடைய வாழ்க்கையே ஏற்கவில்லை. 1920இல் மகள் சோஃபி இறந்தாள். 1929இல், அவள் உயிரோடிருந்தால் முப்பத்தாறு வயது நிறைந்திருக்கும் நாளில், மகனை இழந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு ஃப்ராய்ட் கடிதம் எழுதினார். துக்கத்தின் கடுமை தணியும், ஆனால் நமக்கு ஆறுதல் கிடையாது, அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படி இருப்பதே சரி என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். கட்டுரையையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த பெரிய நகர்வு ஷாண்டோர் ஃபெரென்ட்ஸியுடையது. எனக்கு இந்தக் கட்டுரைகளிலேயே மிகவும் வலிப்பது அவருடையதுதான். ஹங்கேரியைச் சேர்ந்த அவர் ஃப்ராய்டின் நெருங்கிய நண்பர். மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளை எடுத்துச் சிகிச்சை தருபவர் என்று பெயர் பெற்றவர். 1932 செப்டம்பரில் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடந்த மாநாட்டில் ‘பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் இடையே மொழிக் குழப்பம்’ என்ற கட்டுரையைப் படித்தார். குழந்தைகள்மீதான பாலியல் வன்முறை நிஜமாகவே நடக்கிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது என்பது அதன் அடித்தளம். 1896இல் ஃப்ராய்ட் தானே இப்படிச் சொல்லிவிட்டு மறுவருடமே பின்வாங்கியிருந்தார். எனவே மேடையேறும் முன் ஃபெரென்ட்ஸி வியன்னாவுக்குப் போய் அதைப் படித்துக் காட்டியபோது ஃப்ராய்டுக்குப் பிடிக்கவில்லை. வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கட்டுரை என்ன சொல்கிறது? குழந்தை பேசுவது வாஞ்சையின் மொழி. பெரியவர் அதைக் காமத்தின் மொழியாக எடுத்துக்கொள்கிறார். வன்முறை நடக்கும்போது குழந்தை எதிர்க்கும், வெறுக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். பயம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அப்படி நடப்பதில்லை என்கிறார் ஃபெரென்ட்ஸி. குழந்தை தன்னை முழுக்க மறந்து, தாக்குபவர் என்ன நினைக்கிறார் என்று ஊகித்து அதன்படி நடக்கத் தொடங்குகிறது. தாக்குபவரோடு ஒன்றிவிடுகிறது. பிற்காலத்தில் புகழ்பெற்ற இந்த எண்ணம் பெரும்பாலும் ஃப்ராய்டின் மகளான அன்னா ஃப்ராய்ட் பெயரோடு சொல்லப்படுகிறது. அதற்கு நான்கு வருடம் முன்பே, இன்னும் கொடூரமான பொருளில், ஃபெரென்ட்ஸி அதைச் சொல்லியிருந்தார். தாக்கியவர் வெளியில் இருப்பவராகத் தெரிவது நின்று, உள்ளே ஒருவராக ஆகிவிடுகிறார். கூடவே அவருடைய குற்ற உணர்வும் உள்ளே வந்துவிடுகிறது. பெரியவர் எதுவும் நடக்காததுபோல் நடமாடுகிறார். குழந்தை ‘நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்’ என்று கூனிக் குறுகுகிறது. தன் கண்ணும் காதும் சொன்னதையே நம்ப முடியாமல் போகிறது.

மெலன்கோலியாக்காரரின் வசவு வேறொருவருக்கானது என்று ஃப்ராய்ட் கண்டார். இங்கே குற்ற உணர்வே வேறொருவருடையது. வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்யும் எவருக்கும் இது எவ்வளவு உண்மை என்று தெரியும். அப்படி அடிபட்ட குழந்தைகள் வயதுக்கு மீறிய முதிர்ச்சி பெறுவதையும் அவர் சொல்கிறார். பறவை கொத்திய, புழு துளைத்த பழம் சீக்கிரம் பழுத்துவிடுவதுபோல.

அப்புறம் அவர் சக பகுப்பாய்வாளர்களையும் விடவில்லை. உள்ளுக்குள் எரிச்சலை வைத்துக்கொண்டு வெளியே மரியாதையாக உட்கார்ந்திருக்கிறோமே, அது நோயாளிக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். சிறுவயதில் பெரியவர்கள் போட்ட அதே வேடத்தை நாமும் போடுகிறோம் என்கிறார்.

1933இல் ஜெர்மனில் கட்டுரை வெளிவந்தது. அதே வருடம் மே மாதம் ஃபெரென்ட்ஸி ரத்த நோயால் இறந்தார். பிரிட்டிஷ் பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ் ஆங்கில ஆய்விதழில் வெளியிட இருந்த மொழிபெயர்ப்பு, ஃபெரென்ட்ஸி இறந்ததும் நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் அது வர 1949 ஆனது. நம்பப்படாத குழந்தையைப் பற்றிய கட்டுரையை அவருடைய துறையே பதினேழு வருடம் காது கேட்காததுபோல் நடத்தியது.

அந்தப் பதினேழு வருடத்தில் லண்டனில் வேறொரு சிந்தனை வளர்ந்துகொண்டிருந்தது. 1934 ஏப்ரலில் அங்கே பகுப்பாய்வாளராக இருந்த மெலனி க்ளைனின் மகன் ஹான்ஸ் மலையேற்றத்தில் விழுந்து இறந்தார். 1940இல் க்ளைன் துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ‘திருமதி ஏ’ என்ற தாய் வருகிறார். அவருடைய இளம் மகன் திடீரென்று இறந்துவிட்டான். முதல் வாரத்தில் அவருக்கு அழுகை அவ்வளவாக வரவில்லை. வீட்டிலிருந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினார். மகனுடையவற்றை வைத்துக்கொண்டார், மற்றவற்றைத் தூக்கிப் போட்டார். அந்தத் திருமதி ஏ க்ளைனேதான் என்பது இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது.

இப்படி எழுதுவது அவரோடு தொடங்கவில்லை. 1899இல் சிறுவயது நினைவுகள் பற்றி ஃப்ராய்ட் எழுதிய கட்டுரையில் வரும் படித்த இளைஞர் ஃப்ராய்டே என்று 1946இல் ஸிக்ஃப்ரிட் பெர்ன்ஃபெல்ட் காட்டினார். 1979இல் ஹைன்ஸ் கோஹுட் எழுதிய ‘மிஸ்டர் ஸெட்’ கட்டுரையும் அவருடைய சொந்தக் கதைதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒருவர் குரல் இன்னொருவர் வாயில் வரும் என்று சொல்லும் துறை, தன் வலியையும் அதே வழியில்தான் பேசியிருக்கிறது.

க்ளைனின் கட்டுரை ஃப்ராய்டின் துக்கக் கட்டுரைக்கு நேரடிப் பதில். ஒருவரை இழக்கும்போது வெளியில் இருந்தவர் மட்டும் போவதில்லை, நமக்குள் குழந்தைப் பருவத்திலிருந்து நாம் சேர்த்து வைத்திருக்கும் நல்ல மனிதர்கள் அத்தனை பேரும் இடிந்துபோனதுபோல் ஆகிறது, துக்கம் என்பது அந்த உள்வீட்டை மறுபடி கட்டுவது என்கிறார். 1946இல் அவர் இன்னொரு படி போனார். பச்சைக் குழந்தை தன்னால் தாங்க முடியாததைப் பிரித்துத் தாய்க்குள் தள்ளிவிடுகிறது, பிறகு தாயையே அந்தத் தாங்க முடியாத பகுதியாக உணர்கிறது என்றார். இதற்கு ‘புரொஜெக்டிவ் ஐடென்டிஃபிகேஷன்’ என்று பெயர். பெயர் கடினம், விஷயம் பழகியதுதான். பதற்றமே இல்லாதவராகத் தெரியும் ஒருவரோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தால் நமக்குப் படபடப்பாக இருக்கிறதே, அதுதான்.

க்ளைன் இதைக் குழந்தையின் கற்பனைக்குள் நடப்பதாகத்தான் பெரும்பாலும் பேசினார். தள்ளப்பட்டது எதிரே இருப்பவரிடம் நிஜமாகவே போய்ச் சேருகிறதா என்று கேட்டது அடுத்த தலைமுறை. அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது.

1949இல் சூரிக் மாநாட்டில் படிக்கப்பட்ட இரண்டு கட்டுரைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று ழாக் லக்கானின் கண்ணாடிப் பருவம் பற்றியது. 1936இல் மாரியன்பாட் மாநாட்டில் இதே கருத்தைச் சொல்லத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஜோன்ஸால் நிறுத்தப்பட்டவர் அவர். கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்துக் குதூகலிக்கும் குழந்தை, ‘நான்’ என்பதையே வெளியிலிருந்துதான் பெறுகிறது என்றார். இலக்கிய விமர்சனத்திலும் திரைப்பட ஆய்விலும் இந்தக் கட்டுரைக்கு இருக்கும் செல்வாக்கு பெரிது. அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டாயிற்று.

எனக்கு மற்றதுதான் முக்கியம். சில பக்கங்களே கொண்ட அதை எழுதியவர் பவுலா ஹைமன், க்ளைனிடமே பகுப்பாய்வு செய்துகொண்டவர். பகுப்பாய்வாளருக்கு நோயாளியிடம் எழும் உணர்வை ‘கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்பார்கள், எதிர்ப்பெயர்ச்சி. 1910இல் ஃப்ராய்ட் அந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியபோதே, இதை அடையாளம் கண்டு அடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் பகுப்பாய்வாளர்கள் தங்கள் உணர்வைக் குற்றம்போல் மறைத்து வந்தார்கள். ஹைமன் அதைத் தலைகீழாக்கினார். நமக்குள் எழும் உணர்வு நோயாளியின் நனவிலியை, அவரே அறியாத மனப்பகுதியை, ஆராய நமக்குக் கிடைத்த கருவி, அது நோயாளியின் படைப்பு என்றார்.

அவர் தரும் உதாரணம் சிறியது. பகுப்பாய்வு தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஒரு நோயாளி, கொஞ்ச நாள் முன்பு சந்தித்த ஒரு பெண்ணைத் திருமணம் செய்யப்போவதாகச் சொல்கிறார். புதிதாகப் பகுப்பாய்வுக்கு வந்தவர்கள் இப்படிச் செய்வது உண்டு. ஆனால் அன்று ஹைமனுக்கு அளவுக்கு மீறிய கவலை வந்தது. ஏன் என்று அவருக்கே புரியவில்லை. பிறகு அந்த நோயாளி ஒரு கனவைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல பழைய கார் வாங்கியிருக்கிறார், அது சேதமடைந்திருக்கிறது, பழுது பார்க்க விரும்புகிறார், இன்னொருவர் தடுக்கிறார். ஹைமனே ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். நோயாளி தன் பகுப்பாய்வாளரைத்தான் சேதமடைந்தவராக ஆக்கிப் பார்த்தார், பிறகு அந்தச் சேதத்தைச் சரிசெய்ய அந்தத் திருமணத்தை நோக்கி ஓடினார். அது வார்த்தையாக வருவதற்கு முன்பே பகுப்பாய்வாளரின் கவலையாக வந்துவிட்டது.

க்ளைனுக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் குறைகளை எல்லாம் நோயாளி தலையில் கட்ட இது வழியாகிவிடும் என்று அஞ்சினார். நோயாளி தன் குழப்பத்தை என்னுள் தள்ளிவிட்டார் என்று சொன்ன ஒரு இளம் பகுப்பாய்வாளரிடம், இல்லை, குழம்பியிருப்பது நீங்கள்தான் என்று அவர் பதில் சொன்னதாகத் துறையில் பரவலாகச் சொல்வார்கள். அந்த எச்சரிக்கை தேவையானது. டோராவின் கோபத்தை வேறொருவர் கணக்கில் எழுதிய அதே வசதி இங்கும் இருக்கிறது. ஒரே நோயாளி, எழுதுபவரும் அந்த அறையில் இருந்தவர், சரிபார்க்க மூன்றாவது ஆள் கிடையாது. இந்தக் கட்டுரைகளை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கவனிக்க ஒரு இடத்தைக் காட்டுகின்றன, அந்த அளவில்தான் அவற்றுக்கு வலிமை.

டொனால்ட் வின்னிகாட் அதே காலத்தில் இன்னும் துணிச்சலாக ஒன்றைச் செய்தார். 1947இல் படித்து 1949இல் வெளியிட்ட கட்டுரையில், சில நோயாளிகளை நான் வெறுக்கிறேன், அந்த வெறுப்பில் நியாயமும் இருக்கிறது என்றார். போர்க்காலத்தில் வீட்டைவிட்டு ஓடிக்கொண்டே இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவரும் மனைவியும் மூன்று மாதம் தங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். நரகமாக இருந்தது என்று எழுதுகிறார். அவன் வெறிபிடித்ததுபோல் ஆகும்போது, அடிக்காமல், திட்டாமல், தூக்கி வாசலுக்கு வெளியே விடுவார். ஒரு மணி இருக்கும். அவன் தயாரானதும் அதை அடித்து உள்ளே வரலாம், நடந்ததைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆனால் வெளியே விடும் ஒவ்வொரு முறையும் அவனிடம் ஒன்று சொல்வார்: இப்போது நடந்தது என்னை உன்மேல் வெறுப்புக்கொள்ள வைத்தது. இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அடிக்காமல் அவனோடு வாழ்ந்திருக்க முடியாது என்கிறார்.

தாய்க்குத் தன் குழந்தைமேல் முதலிலிருந்தே வெறுப்பும் இருக்கும் என்று சொல்லி, அதற்குப் பதினெட்டுக் காரணம் அடுக்குகிறார். தாயன்பைக் குறைத்துக் காட்டுவது அவர் நோக்கமில்லை. அந்த வெறுப்பை உணர்ந்தும் குழந்தைமேல் காட்டாமல் தாங்கிக்கொள்கிறாளே, அதைத்தான் வியக்கிறார். வெறுப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத தாயின், மருத்துவரின் வெறுப்பு, குழந்தையின் தலையில் போய் இறங்கும். ஃபெரென்ட்ஸி வீஸ்பாடனில் கேட்ட கேள்விக்கு இது ஒரு நேர்மையான பதில் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தள்ளப்பட்ட உணர்வை வாங்கிக்கொள்ள மறுத்தால் என்ன ஆகும்? 1959இல் ‘இணைப்பின்மேல் தாக்குதல்கள்’ என்ற கட்டுரையில் வில்ஃப்ரட் பியோன் அதை எழுதினார். இளவயதில் முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர் அவர். பயம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நோயாளியோடு பழகியதிலிருந்து, அவருடைய குழந்தைப் பருவத்தை ஊகிக்கிறார். குழந்தை அழுகிறது. தாய் கடமை தவறாதவள், வந்து பார்க்கிறாள். ஆனால் ‘இதற்கு என்னதான் வேண்டுமோ தெரியவில்லை’ என்ற எரிச்சலோடு பார்க்கிறாள். குழந்தைக்கு அவள் வருவது போதாது. சாகப்போகிறேன் என்ற அதன் பயத்தை அவள் தனக்குள் வாங்கி, தாங்கி, தாங்கக்கூடியதாக ஆக்கித் திருப்பித் தர வேண்டும். 1962இல் எழுதிய ‘சிந்தித்தல் பற்றிய ஒரு கோட்பாடு’ கட்டுரையில், அது நடக்காதபோது குழந்தைக்குத் திரும்பக் கிடைப்பது பெயரே இல்லாத பீதி என்கிறார். சிந்திக்கும் திறனே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் உண்டாகிறது என்பது அவர் முடிவு.

ஆந்த்ரே கிரீன் 1980இல் பேசிய ‘இறந்த தாய்’ இதன் மறுபக்கம். தாய் உயிரோடுதான் இருக்கிறாள், கூடவே இருக்கிறாள். ஏதோ துக்கத்தில் அவள் மனம் அணைந்துபோயிருக்கிறது. குழந்தை அந்த அணைந்த தாயை உள்ளே வைத்துக்கொண்டு வளர்ந்து, பெரியவனான பிறகு யாரையும் நேசிக்க முடியாமல் நிற்கிறது.

முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஆவி இப்போது வருகிறது. 1960இல் ஹான்ஸ் லோவால்ட் அமெரிக்காவில் எழுதிய கட்டுரையில், நனவிலியில் அலையும் பழைய உறவுகளைப் பேய்களாகச் சொல்கிறார். பகுப்பாய்வில் அவை விழித்துக்கொள்கின்றன, நிகழ்கால உறவின் ரத்தத்தைச் சுவைக்கின்றன, பிறகு அடக்கம் செய்யப்பட்டு முன்னோராக ஆகின்றன. பேயை விரட்டுவதைப் பற்றி அவர் பேசவில்லை. அதை முன்னோராக மாற்றுவதைப் பேசுகிறார். சிகிச்சை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உருவகத்தை நான் இந்தத் துறையில் படித்ததில்லை.

1975இல் செல்மா ஃப்ரைபெர்க் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட ‘குழந்தையின் அறையில் பேய்கள்’ என்ற கட்டுரை பகுப்பாய்வு அறையைவிட்டே வெளியே வந்துவிட்டது. மேரி என்று பெயர் தரப்பட்ட ஐந்தரை மாதக் குழந்தை. இளம் தாய், கடுமையான மனச்சோர்வு. குழந்தை நம்பிக்கையற்றதுபோல் வீறிட்டு அழுகிறது, தாய் எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீடியோவில் அதைப் பார்த்த குழுவினருக்கே பொறுக்கவில்லை. ஏன் இவள் எதுவும் செய்யமாட்டேன் என்கிறாள் என்று கோபம் வருகிறது. அந்தக் கோபத்திலேயே நின்றுவிடாமல் அவர்கள் கேள்வியை மாற்றினார்கள். இந்தத் தாய்க்கு ஏன் தன் குழந்தையின் அழுகை கேட்கவில்லை?

அவளுடைய சிறுவயது கைவிடப்படுதலும் வன்முறையும் நிறைந்தது. நடந்தது எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது, ஆனால் அதன் வலி நினைவில் இல்லை. ஃப்ரைபெர்க்கின் கண்டுபிடிப்பு இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. சிறுவயதில் வதைபட்ட எல்லாரும் தங்கள் குழந்தையை வதைப்பதில்லை. நடந்ததை மட்டும் நினைவில் வைத்து, அப்போது பட்டதை மறந்தவர்கள்தான் தாக்கியவரோடு ஒன்றிப்போய் அதைத் திரும்பச் செய்கிறார்கள். ஃப்ராய்டின் 1914 கட்டுரையும் ஃபெரென்ட்ஸியின் 1932 கட்டுரையும் இந்த ஒரே வாக்கியத்தில் வந்து சேர்கின்றன.

எனவே குழந்தையை எப்படித் தூக்குவது என்று சிகிச்சையாளர் பாடம் எடுக்கவில்லை. வீட்டுக்கே போய், குழந்தை அருகில் இருக்க, தாயின் கதையைக் கேட்டார். அவள் அழுகையை ஒருவர் கேட்டால் அவளுக்குக் குழந்தையின் அழுகை கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வாரங்கள் போயின. முதல் மாதம் முடிவதற்குள்ளேயே ஒரு நாள், தன் பழைய துயரத்தைச் சொல்லி அழுதுகொண்டிருந்த நடுவில், அந்தத் தாய் மேரியைத் தூக்கி மார்போடு இறுக அணைத்துக்கொண்டு, உடைந்த குரலில் அவளிடம் கொஞ்சிப் பேசத் தொடங்கினாள்.